டேப்லெட்டில் சிம் கார்டு: துளை இருந்தால் மட்டும் போதுமா?

புதிதாக வாங்கிய டேப்லெட்டில் மொபைல் இணைப்பு பெறுவது குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: மகளின் படிப்புக்காகப் புதிய டேப்லெட் ஒன்று வாங்கினோம். அதன் பக்கவாட்டில் ஊசித் துளையுடன் ஒரு சிறிய டிரே இருக்கிறது. என் சிம் கார்டை அதில் வைத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் வரவில்லை, 'சிம் இல்லை' என்ற அறிவிப்புகூட வரவில்லை. பழுது டேப்லெட்டிலா, சிம்மிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது. உங்களிடம் இருப்பது வைஃபை மட்டும் உள்ள மாடலாகவும், அந்த டிரே மெமரி கார்டுக்கு உரியதாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். சிம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்போது 'சிம் இல்லை' என்று சொல்வதற்கும், கருவிக்குள் அதைத் தேடிப் பார்க்கும் மோடம் (மொபைல் கோபுரத்துடன் தொடர்புகொள்ளும் பாகம்) இருந்தாக வேண்டும். எந்த அறிவிப்பும் வராததே இங்கு முக்கியமான தடயம்.

டிரேயை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இன்று புழக்கத்தில் உள்ள நானோ சிம் 12.3 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் கொண்டது, அதன் ஒரு மூலை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். மைக்ரோ எஸ்டி கார்டு 15 மி.மீ. நீளமும் 11 மி.மீ. அகலமும் உடையது, அதன் ஒரு பக்க விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். டிரேயில் உள்ள குழியில் உங்கள் சிம் அசையாமல் பொருந்தாமல், சுற்றிலும் இடைவெளி விட்டு ஆடுகிறது என்றால், அது சிம்முக்காகச் செய்யப்பட்ட குழி அல்ல. சில டிரேக்களின் விளிம்பில் 'சிம்' அல்லது 'எஸ்டி' என்று மிகச் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். மொபைல் வசதி உள்ள பல மாடல்களில் ஒரே நீளமான டிரேயில் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் தனித்தனிக் குழிகள் அடுத்தடுத்து இருக்கும்.

ஆனால் டிரேயின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல. ஒரே பெயரில் வெளிவரும் டேப்லெட்டை நிறுவனங்கள் வைஃபை மாடல், மொபைல் மாடல் என இரண்டு வகையாகச் செய்கின்றன. வெளிக்கூடு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருப்பது வேறு. எடுத்துக்காட்டாக, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8 வைஃபை வகையின் மாடல் எண் எஸ்எம்-எக்ஸ்200. எல்டிஇ (4ஜி மொபைல்) வகையின் எண் எஸ்எம்-எக்ஸ்205. கடைசி இலக்கம் ஒன்றுதான் மாறுகிறது. விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெயர் மட்டுமே என்பதால், இந்த வேறுபாடு வாங்குபவரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாத சோதனை ஒன்று உண்டு. மொபைல் வலைப்பின்னலில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண் இருக்கும். செட்டிங்ஸில் 'டேப்லெட்டைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அதில் ஐஎம்இஐ எண் இருந்தால் கருவியில் மொபைல் மோடம் இருக்கிறது. வரிசை எண்ணும் வைஃபை முகவரியும் மட்டுமே இருந்தால், மோடம் இல்லை. இதே எண் பெட்டியின் மேலுள்ள ஒட்டுத்தாளிலும் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், பெட்டியைப் பிரிக்காமலேயே இதைச் சரிபார்க்க முடியும். முத்திரையைக் கிழித்த பிறகு மாற்றித் தர மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு. ஆகவே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய நேரம் பெட்டி கைக்கு வரும் அந்தக் கணம்தான்.

கேள்வி: எங்கள் டேப்லெட் வைஃபை மாடல்தான் என்று உறுதியாகிவிட்டது. பழுது நீக்கும் இடத்தில் கொடுத்து சிம் வசதியைப் பின்னர் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியாது. மொபைல் இணைப்புக்கு சிம் வைக்கும் இடம் மட்டும் போதாது. மோடம், அலைவரிசைப் பெருக்கிகள், வடிகட்டிகள், ஆன்டெனாக்கள் ஆகியவை தாய்ப்பலகையிலும் கூட்டுக்குள்ளும் தொடக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மென்பொருளை மாற்றி வசதியைத் திறந்து தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இல்லாத ஆன்டெனாவை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அதற்காக வருந்தவும் தேவையில்லை. கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி டேப்லெட்டை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் பயன்படுத்தினால் கைபேசியின் பேட்டரி விரைவாகக் குறையும். அப்போது யூஎஸ்பி கேபிள் வழியாக இணைப்பது சிக்கனமானது. நாள்தோறும் வெளியில் இணையம் தேவைப்படுவோருக்கு, தனியாக ஒரு சிம்மை ஏற்றுக்கொண்டு வைஃபை பரப்பும் கையடக்க ரூட்டர் இன்னும் பொருத்தமாக இருக்கும். அதைப் பல கருவிகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்த முடியும் என்பதும், டேப்லெட்டை மாற்றினாலும் அது வீணாகாது என்பதும் கூடுதல் நன்மைகள்.

கேள்வி: செல்லுலார் மாடல் என்று கேட்டுத்தான் ஐபேட் வாங்கினேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சிம் டிரே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவ்வாறு முடிவு செய்ய வேண்டாம். 2024-ஆம் ஆண்டில் வந்த ஐபேட் ப்ரோ, ஐபேட் ஏர் ஆகியவற்றின் செல்லுலார் மாடல்களில் சிம் டிரே கிடையாது; அவை இசிம் மட்டுமே ஏற்கின்றன. இசிம் என்பது தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்ட சில்லு. சேவை நிறுவனம் தரும் கணக்கு விவரம் அதில் இணையம் வழியாக இறக்கப்படுகிறது. 2010-இல் வந்த முதல் ஐபேட் மைக்ரோ சிம் கேட்டது, பின்னர் வந்தவை நானோ சிம்முக்கு மாறின, இப்போது அட்டையே இல்லாமல் போய்விட்டது.

செட்டிங்ஸில் 'பொது' என்பதன் கீழ் 'அறிமுகம்' பகுதியைத் திறந்தால் ஐஎம்இஐ எண்ணுடன் 32 இலக்கங்கள் கொண்ட ஈஐடி என்ற எண்ணும் தெரியும். அது இசிம் சில்லின் அடையாளம். சேவை நிறுவனம் கேட்டால் அதைத் தர வேண்டியிருக்கும். வழக்கமாக நிறுவனம் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பும். அதைக் கேமராவால் படித்தால் கணக்கு விவரம் இறங்கிவிடும். இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். முதலில் இசிம்மை இறக்கும் அந்த நேரத்தில் வைஃபை போன்ற வேறோர் இணைய இணைப்பு தேவைப்படும். அடுத்ததாக, அந்தக் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும்; ஆகையால் டேப்லெட்டை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கும்போது 'இசிம்மையும் நீக்கவா?' என்று கேட்டால், விற்கவோ பிறருக்குத் தரவோ போகிறீர்கள் என்றாலன்றி 'வேண்டாம்' என்றே தேர்வு செய்யுங்கள். தவறிப்போய் நீக்கிவிட்டால் நிறுவனத்திடம் மீண்டும் குறியீடு கேட்டு வாங்கும் அலைச்சல் ஏற்படும்.

உங்கள் சேவை நிறுவனம் டேப்லெட்டுக்கு இசிம் தருகிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டறிவது நல்லது. கைபேசிக்கு இசிம் தரும் நிறுவனம் டேப்லெட்டுக்கும் தரும் என்று தானாகக் கருதிவிடக் கூடாது.

கேள்வி: சிம் போட்டதும் சிக்னல் கோடுகள் முழுமையாக வருகின்றன, இணையம் மட்டும் வரவில்லை. அதே சிம் என் கைபேசியில் நன்றாக வேலை செய்கிறது.

பதில்: கோடுகள் வருவதால் டேப்லெட் கோபுரத்துடன் பேசுகிறது என்பது உறுதியாகிறது, அதற்கு மேல் இணையத்துக்குச் செல்லும் வழிதான் அடைபட்டிருக்கிறது. முதலில் மொபைல் டேட்டா இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய டேப்லெட்டில் அது அணைந்தே இருப்பதுண்டு. அதன் பின் ஏபிஎன் அமைப்பைப் பாருங்கள். சேவை நிறுவனத்தின் வலைப்பின்னலிலிருந்து இணையத்துக்குச் செல்லும் நுழைவாயிலின் பெயர்தான் ஏபிஎன். கைபேசியில் சிம் போட்டதும் இது தானாகவே அமைந்துவிடுவதால், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டேப்லெட்டில் அந்த இடம் காலியாகவோ பழைய நிறுவனத்தின் பெயருடனோ இருந்தால், கோடுகள் எத்தனை இருந்தாலும் ஒரு பக்கம்கூடத் திறக்காது. கைபேசியில் ஏபிஎன் பக்கத்தைத் திறந்து அங்குள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் டேப்லெட்டில் தட்டச்சு செய்து சேமியுங்கள். பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். சேமித்துவிட்டுத் தேர்ந்தெடுக்காமல் விடுவது மிக அதிகமாக நேரும் பிழை. இவை இரண்டும் சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால், உங்கள் கட்டணத் திட்டம் கைபேசிக்கு மட்டுமே உரியதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சில நிறுவனங்கள் கருவியின் வகையைப் பார்த்தே சேவை தருகின்றன.

கோடுகளே வராமல், ஆனால் சிம்மை மட்டும் அடையாளம் காண்கிறது என்றால் காரணம் வேறு. டேப்லெட் வேறொரு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டதாக இருந்தால், உங்கள் பகுதிக் கோபுரங்கள் பயன்படுத்தும் அலைவரிசைகள் அதன் மோடத்தில் இல்லாமல் இருக்கலாம். இந்த அலைவரிசைத் தொகுதிகளை எண்ணிட்ட 'பேண்டு'களாகக் குறிப்பிடுவார்கள். எல்டிஇ சேவையில் பேண்ட் 3 என்பது 1800 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 5 என்பது 850, பேண்ட் 40 என்பது 2300. 5ஜி-யில் என்78 என்பது 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. குறைந்த அலைவரிசை தொலைவுக்கும் சுவர்களுக்குள்ளும் செல்லும். உயர் அலைவரிசை வேகம் தரும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. மாடல் எண்ணின் விவரக் குறிப்பில் உள்ள பேண்டுகளையும் உங்கள் சேவை நிறுவனத்தின் பேண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். தவணைத் திட்டத்தில் விற்கப்பட்ட டேப்லெட்டாக இருந்தால், அது ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கவும் கூடும்.

கேள்வி: சிம் போட்ட டேப்லெட்டைக் கைபேசிக்குப் பதிலாகவே வைத்துக்கொள்ளலாம் என்று வயதான என் தந்தை விரும்புகிறார். அழைப்புகளும் ஓடிபியும் வருமா?

பதில்: இது மாடலைப் பொறுத்தது. அவரிடம் இருக்கும் ஒரே எண் இதுவானால் மிகுந்த கவனம் தேவை. ஐபேடின் செல்லுலார் மாடலில் சிம் இணையத்துக்கு மட்டுமே பயன்படும். அந்த எண்ணிலிருந்து வழக்கமான அழைப்பு செய்ய முடியாது, அந்த எண்ணுக்கு வங்கி அனுப்பும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸையும் அதில் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் சில அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. டேப்லெட்டில் எண்களை அழுத்தி அழைக்கும் செயலி முன்பே நிறுவப்பட்டிருக்கிறதா என்பது ஓரளவுக்கு வழிகாட்டும். 4ஜி மட்டும் தரும் வலைப்பின்னலில் அழைப்பு வர வேண்டுமானால் டேப்லெட்டில் வோல்ட்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) வசதியும் இருக்க வேண்டும்.

என் பரிந்துரை, வங்கிக் கணக்குடன் இணைந்த எண்ணை ஓர் எளிய கைபேசியிலேயே விட்டுவைத்து, டேப்லெட்டுக்கு வேறொரு சிம் போடுவது. வாட்ஸ்அப் தேவையென்றால், கைபேசியில் உள்ள கணக்குடன் டேப்லெட்டைத் துணைக் கருவியாக இணைத்துக்கொள்ளலாம். நான்கு கருவிகள் வரை இவ்வாறு இணைக்க முடியும். அதற்கு வாட்ஸ்அப் இயங்கும் கைபேசி ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கைபேசியை 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்தால் துணைக் கருவிகளின் இணைப்பு துண்டிக்கப்படும்.

கேள்வி: பழைய பெரிய சிம்மை வெட்டி டேப்லெட்டில் போடலாமா?

பதில்: வேண்டாம். பழைய சிம் 0.76 மி.மீ. தடிமன் கொண்டது, நானோ சிம் 0.67 மி.மீ. மட்டுமே. நீள அகலத்தை வெட்டிச் சரிசெய்தாலும் தடிமன் மாறாததால் உள்ளே சிக்கி, மெல்லிய தொடுகம்பிகளை வளைத்துவிடும். சேவை நிறுவனத்திடம் கேட்டு நானோ அளவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். டிரேயைத் திறக்கும்போது ஊசியை டிரேயின் மீதே உள்ள துளையில்தான் செலுத்த வேண்டும். அருகில் தனியாக இருக்கும் துளை பெரும்பாலும் மைக்ரோஃபோனுக்கு உரியது.

கேள்வி: இன்னும் டேப்லெட் வாங்கவில்லை. கூடுதல் விலை கொடுத்து மொபைல் மாடல் வாங்குவது அவசியமா?

பதில்: டேப்லெட் வீட்டையும் அலுவலகத்தையும் விட்டு அதிகம் வெளியே போகாது என்றால் அவசியமில்லை, அந்தத் தொகையைக் கூடுதல் சேமிப்பிடம் உள்ள மாடலுக்குச் செலவிடுவதே மேல். பயணத்தில் வேலை செய்பவர், களப்பணியில் படிவங்களை நிரப்புபவர், வண்டியில் வரைபடம் பார்த்துச் செல்பவர் ஆகியோருக்கு மொபைல் மாடல் உண்மையிலேயே உதவும். இடம்காட்டும் வசதியும் இதில் சேர்கிறது: ஐபேடில் ஜிபிஎஸ் செல்லுலார் மாடல்களில் மட்டுமே உண்டு, வைஃபை மாடல்களில் இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வைஃபை மாடலிலேயே ஜிபிஎஸ் இருப்பது உண்டு. எனவே விவரக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மொபைல் மாடல்தான் என்று தீர்மானித்தால், சிம் போட்ட அன்றே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். டேப்லெட்டின் திரை பெரிது என்பதால் காணொளிகள் உயர் தரத்தில் ஓடுகின்றன. மென்பொருள் புதுப்பிப்பும் படங்களின் காப்புப்பிரதியும் பின்னணியில் நடக்கின்றன. கைபேசியில் மாதம் முழுவதும் போதுமாக இருந்த டேட்டா இதில் சில நாள்களிலேயே தீர்ந்துவிடக்கூடும். புதுப்பிப்பையும் காப்புப்பிரதியையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றி, ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரையும் ஐபேடில் குறைந்த டேட்டா முறையையும் இயக்கி வையுங்கள்.