சக்கரம் கழன்றது எங்கே?

கேள்வி: 1990களில் அமெரிக்காவில் தொழில்முறை ரோலர் ஹாக்கி லீக் ஒன்றைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இழுத்து மூடினார்கள் என்று படித்தேன். பனித்தளத்துக்கு வழியில்லாதவர்கள் ஐஸ் ஹாக்கியைச் சக்கரத்தில் ஓட்டிக் காட்டினார்கள், மக்கள் ஏற்கவில்லை. போலி நிலைக்காது என்பதற்கு இது சான்றுதானே?
- வாசகர், திருச்சி

பதில்: தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் நீட்டுகிறீர்கள். போட மாட்டேன்.

பனித்தளத்துக்கு வழியில்லாதவர்கள் என்பதே முதல் பிழை. ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய இன்லைன் ஸ்கேட்டை 1980 வாக்கில் மினியாபொலிஸில் ஓல்சன் சகோதரர்கள் செம்மைப்படுத்தி விற்கத் தொடங்கியதே, பனி உருகிய மாதங்களிலும் ஹாக்கி வீரர்களின் பயிற்சி தடைபடக் கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் குறிப்பிடும் 'ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல்' 1993 கோடையில் 12 அணிகளுடன் தொடங்கியபோது, குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி நடந்து கோடையில் காலியாகக் கிடந்த பெரிய அரங்குகளையே அது நாடியது. ஆடியவர்களில் பலரும் சிறிய ஐஸ் ஹாக்கி லீகுகளிலிருந்து வந்தவர்கள்.

அடுத்து, 'போலி'. ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பாளரைச் சேர்த்து 6 பேர் களத்தில் நிற்பார்கள். இங்கே 5 பேர். தாக்கும் வீரர் வட்டுக்கு முன்பாக எதிரணிப் பகுதிக்குள் நுழையாதபடி தடுக்கும் நீலக் கோடுகள் கிடையாது. ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடந்தது. கனத்த ரப்பர் வட்டுக்குப் பதிலாக எடை குறைந்த பிளாஸ்டிக் வட்டு. பனியைச் சீவிக்கொண்டு சட்டென்று நிற்கும் பிளேடின் வசதி சக்கரத்துக்கு இல்லாததால், வேகமாகப் போனவர் வளைந்து திரும்பித்தான் வர வேண்டும். அவர் விட்டுப்போன இடம் எதிரணிக்குத் திறந்து கிடக்கும். கோல்கள் குவிந்ததற்கு இவையெல்லாம் காரணம். கலிபோர்னியாவின் அனாஹைமில் 1993இல் திறக்கப்பட்ட அரங்கில், வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி அமைப்பான தேசிய ஹாக்கி லீகின் மைட்டி டக்ஸ் அணி அக்டோபரில் இறங்குவதற்கு முன்பே புல்ஃபிராக்ஸ் என்ற ரோலர் அணி ஆடி, ரோலர் லீகின் முதல் கோப்பையையும் வென்றுவிட்டது. அந்த ஊருக்கு அசலைவிட உங்கள் 'போலி' முந்தி வந்தது!

பிறகு ஏன் கவிழ்ந்தது? நிறுவனர்களில் முதன்மையானவரான டென்னிஸ் மர்ஃபியின் பழைய கணக்கைப் பாருங்கள். 1967இல் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம், 1972இல் ஆடத் தொடங்கிய உலக ஹாக்கிச் சங்கம் ஆகிய இரண்டையும் உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். மூத்த லீகுக்குப் போட்டியாக ஒன்றைத் தொடங்குவது, அணி உரிமைகளை விற்றுப் பரவுவது, நட்சத்திரங்களை இழுப்பது, மூத்த லீக் சலித்துப்போய்ச் சமாதானத்துக்கு வரும்வரை தாக்குப்பிடிப்பது: இதுதான் வழி. அது இருமுறையும் பலித்தது; 1976இல் நான்கு கூடைப்பந்து அணிகளும் 1979இல் நான்கு ஹாக்கி அணிகளும் பெரிய லீகுகளுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. ரோலர் ஹாக்கிக்கோ அப்படி உள்ளே சேர்த்துக்கொள்ள ஒரு மூத்த லீக் இல்லை. பரவிய கடையைத் தானே கட்டி மேய்த்தாக வேண்டும்.

ஆனால் செய்தது என்ன? இரண்டாம் ஆண்டிலேயே, 1994இல், அணிகளின் எண்ணிக்கை 24 ஆயிற்று. பந்தியில் உட்கார ஆள் வருமுன்பே இலைகளை ஏலம் விட்ட கதை. தேசிய ஹாக்கி லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்ற வீரர் பிரையன் டிராட்டியே பிட்ஸ்பர்க் ஃபேண்டம்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். அந்த ஒரு கோடையோடு அந்த அணி காணாமல் போனது. 1992இல் தேசிய ஹாக்கி லீக் அணி ஒன்றின் முன்னோட்ட ஆட்டத்தில் கோல் காத்த பெண்ணாகப் புகழ்பெற்ற மானோன் ரெயோம் நியூ ஜெர்சி அணியில் ஆடினார். பெயர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லா ஊரிலும் அரங்கு நிரம்பியது என்று நான் வாதாட வரவில்லை. நிரம்பாத ஊர்களுக்கும் அணி விற்றவர்கள் யார் என்றுதான் கேட்கிறேன். நீங்கள் கைகாட்டுவது பார்வையாளர்களை. நான் கைகாட்டுவது அகலக்கால் வைத்தவர்களை.

1998இல் லீக் ஆட்டமே நடத்தவில்லை. 1999இல் மீண்டும் ஒரு பருவம் கூடியது. மர்ஃபியின் பெயரையே தாங்கிய கோப்பையை செயின்ட் லூயிஸ் வைப்பர்ஸ் அணி எடுத்துச் சென்றது. அதற்குப் பின் அந்த லீக் கூடவில்லை.