கைவிடப்பட்ட இசைத்தொகுப்புகளில் உங்களை மிகவும் பாதித்தது எது?

அமெரிக்க பாப் இசைக்குழுவான பீச் பாய்ஸின் 'ஸ்மைல்'. 1967-இல் வந்திருக்க வேண்டியது. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு அப்போது வயது 24.

அது நின்றுபோனதற்குப் போதைப்பொருள், மனநலச் சிக்கல், பாடல் வரிகள் பற்றிக் குழுவுக்குள் எழுந்த சச்சரவு, அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கேப்பிடல் நிறுவனத்துடனான வழக்கு என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வேலை செய்த முறையே அவரைச் சிக்கவைத்தது என்று நான் நினைக்கிறேன்.

'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலை லாஸ் ஏஞ்சல்ஸின் பல ஒலிப்பதிவுக் கூடங்களில், மாதக்கணக்கில், துண்டுதுண்டாகப் பதிவுசெய்து, ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினார். 1966 அக்டோபரில் வெளியான அந்தப் பாடல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அதே முறையில் ஒரு முழுத் தொகுப்பையே செய்யத் துணிந்தார். மூன்றரை நிமிடப் பாடலில் கைகொடுத்த முறை இங்கே கழுத்தை நெரித்தது. ஒரே மெட்டு இரண்டு மூன்று பாடல்களில் தலைகாட்டும். எந்தத் துண்டு எந்தப் பாடலுக்கு உரியது என்பதே முடிவாகாது. வரிசையை மாற்றிக் கேட்க வேண்டுமானால் மறுபடியும் படியெடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். எத்தனை இரவுகள்தான் ஒரு மனிதன் அதைச் செய்வான்!

நெருப்பைப் பற்றிய இசையைப் பதிவுசெய்தபோது கலைஞர்களுக்குத் தீயணைப்பு வீரர்களின் தலைக்கவசம் அணிவித்தார். பிறகு அக்கம்பக்கத்தில் தீவிபத்து நடந்ததாகக் கேள்விப்பட்டு, தன் இசைதான் காரணமோ என்று அஞ்சி அதை ஒதுக்கிவைத்தார். பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸும் விலகினார். உறைகளை நிறுவனம் லட்சக்கணக்கில் அச்சிட்டு வைத்திருந்தது. உள்ளே வைக்க இசைத்தட்டு வரவே இல்லை. செப்டம்பரில் 'ஸ்மைலி ஸ்மைல்' என்ற எளிய தொகுப்பு வெளிவந்தது.

பல ஆண்டுகள் கழித்து, வில்சனின் புதிய இசைக்குழுவைச் சேர்ந்த டேரியன் சஹானாஜா பழைய துண்டுகளை மடிக்கணினியில் ஏற்றி அவர் அருகில் அமர்ந்தபோதுதான் வரிசை பிடிபட்டது. பார்க்ஸும் திரும்பி வந்து விடுபட்ட வரிகளை எழுதினார். 2004 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முழுப் படைப்பும் அரங்கேறியது.

முழு வடிவம் வேண்டுவோர், புதிய குழுவுடன் வில்சன் பதிவுசெய்து அதே ஆண்டு வெளியிட்ட தொகுப்பைக் கேட்கலாம். ஆனால் என் தேர்வு, ஏறக்குறைய அதே வரிசையில் பீச் பாய்ஸின் அசல் பதிவுகளைக் கோத்து 2011-இல் வெளியிட்ட 'தி ஸ்மைல் செஷன்ஸ்'. குறைகள் நிறைய உண்டு. ஆனால் குழுவில் இருந்த வில்சனின் தம்பிகள் கார்ல், டென்னிஸ் இருவரின் குரலும் அதில்தான் இருக்கிறது.