கார் ஓட்டுவதைக் குறைக்க அறிவுரை மட்டும் போதுமா?
விழிப்புணர்வுப் பிரசாரத்தைக் கேட்டு நகரவாசிகள் காரை வீட்டில் விட்டுவருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் விட்டுவரமாட்டார்கள் என்பதே என் கருத்து, அதற்கு ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் நல்ல சான்று. அங்கே 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் சோதனை முறையில் நெரிசல் கட்டணம் வசூலித்தார்கள். சுங்கச்சாவடி எதுவும் கிடையாது. சாலைக்கு மேலே பொருத்தியிருந்த கேமரா வண்டியின் எண் பலகையைப் படம்பிடிக்க, நேரத்தைப் பொறுத்து 10, 15 அல்லது 20 குரோனர் (ஸ்வீடன் நாணயம்) கணக்கில் ஏறியது. சில மாதங்களுக்கு முன்பே கூடுதல் பேருந்துகளையும் விட்டிருந்தார்கள், ஆனால் பேருந்தால் மட்டும் கார்கள் அவ்வளவாகக் குறையவில்லை (இதைப் பலர் கவனிப்பதில்லை). கட்டணம் வந்த பிறகுதான் நகர மையத்தின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. முதலில் எதிர்த்த நகரமே அந்தச் செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆதரவளித்ததால், 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது.