மறதிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சமீபமாக மறதி இருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை நரம்பு செல்களைக் காக்கும் என்கிறார்களே, எப்படி? வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அதை வைத்து, செல்லுக்குள் சக்தி நிலையம் போல இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்கும்போது சில எலக்ட்ரான்கள் வழியில் நழுவி ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொள்ள, சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கல், அதாவது பக்கத்து மூலக்கூறுகளைக் கெடுக்கக்கூடிய நிலையற்ற பொருள், உருவாகிறது. நரம்பு செல்லின் சவ்விலோ சுலபமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைய. ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததை. இந்தச் சேதத்தைத் தடுக்கும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். அதில் ஒன்றான வைட்டமின் ஈ நடுவே புகுந்து அந்தத் தொடரை அறுக்கிறது, அதில் தேய்ந்துபோன வைட்டமின் ஈயை வைட்டமின் சி பழையபடி ஆக்கிவிடுகிறது. இது போக குளூட்டாதயோன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களை செல்லே தயாரித்துக்கொள்கிறது, விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை!

சரி, மாத்திரைக்கு வருவோம். சோதனைக் குழாயில் நரம்பு செல்லைக் காப்பாற்றும் பல பொருட்கள், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைப் போதிய அளவில் தாண்டுவதில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1993-இல் வெளியானது, பலன் இல்லை. லேசான மறதி உள்ளவர்களுக்குக் கொடுத்த 2005 ஆய்விலும் அது அல்சைமரை (நினைவாற்றல் மெல்ல மெல்ல அழியும் மூளை நோய்) தடுக்கவில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே அல்சைமர் வந்தவர்களுக்கு தினமும் 2000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தபோது அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவது கொஞ்சம் மெதுவானது, ஆனால் நினைவாற்றலில் தெளிவான பலன் தெரியவில்லை. உடலில் வைட்டமின் ஈ நிஜமாகவே குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் கதை வேறு, அவர்களுக்கு அது மருந்தேதான்.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் முதலில் பி12, தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், அப்புறம் மனச்சோர்வு, தூக்க மாத்திரை இவற்றாலும் வரும், இதெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை.

கேள்வி: உடற்பயிற்சி செய்தால் ஃப்ரீ ரேடிக்கல் கூடுமாமே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கூடுவது உண்மை, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தச் சின்ன ஏற்றத்தைப் பார்த்துத்தான் செல் தன் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களை அதிகமாகத் தயாரிக்கிறது.