அரசு மருத்துவமனையை விரிவாக்க ஊர் மக்களிடம் நன்கொடை திரட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: அவருடைய தாலுகா அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் வசதி, அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தப்படுத்தும் வசதி, போதவில்லை. நோயாளிகள் பஸ் பிடித்து மாவட்டத் தலைநகரத்துக்குப் போய் வருகிறார்கள். ஊரில் கொடுக்கும் மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பணம் திரட்டி ஒரு புதிய பிரிவு கட்டிக் கொடுக்கலாமா என்கிறார்.

கட்டலாம். எங்கள் ஊரில் இதே வேலைக்காகக் கூடிய குழுவில் நானும் இருந்ததால் தெரிந்தே சொல்கிறேன். ஆனால் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். திறப்பு விழா முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பிரிவில் யார் வேலை பார்ப்பார்கள்? அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் கிடைக்காதவரை வசூலைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டயாலிசிஸையே எடுத்துக்கொள்வோம். மெஷின் வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் ஓட வேண்டும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், தண்ணீரில் கலந்து தயாரிக்கும் டயாலிசிஸ் திரவம் மெஷின் வழியாகப் போகும். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 120 லிட்டர். அந்தத் தண்ணீர் நாம் குடிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே தனியாக ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வேண்டும். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் கடுமையான உப்பு, ஆர்.ஓ.வின் ஃபில்டரும் மெம்பரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். கரண்ட் போனால் தாங்க ஜெனரேட்டர் வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன், ஸ்டாஃப் நர்ஸ், மேற்பார்வைக்கு மருத்துவர் வேண்டும். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரும் ரத்தம் போய்வரும் டியூப்களும் மருந்துகளும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இவற்றில் கட்டடம், மெஷின், ஆர்.ஓ., ஜெனரேட்டர் ஆகியவை ஒரு தடவைச் செலவு. ஊர்ப்பணம் இதற்குப் பொருத்தமானது. மீதியெல்லாம் நிற்காத செலவு. அதை ஊர் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்கவும் கூடாது. இரண்டு வருஷம் உற்சாகமாகக் கொடுப்பார்கள். மூன்றாம் வருஷம் மழை பொய்த்தால் கோயில் கொடைக்கே வசூல் குறையும். அப்போது டெக்னீஷியன் சம்பளத்துக்கு எங்கே போவது? நன்கொடையாக வந்த நல்ல மெஷின் ஒன்று, ஆள் நியமிக்கப்படாததால் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் கிடந்ததை ஒரு மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பணம் போட்டவர்களில் பலர் கூலி வேலை செய்பவர்கள். அவர்களை இரண்டாவது தடவை எந்த முகத்தோடு கேட்பது?

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஊர்ப் பெரிய மனிதர்களை அல்ல, உங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலரை. அவரோடு சேர்ந்து மாவட்டத்தில் உள்ள மருத்துவப் பணிகள் இணை இயக்குநரை. ஜே.டி. ஆபீஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இத்தனை மெஷின் ஊர் கொடுத்தால், இத்தனை ஷிப்டுக்கு ஆள் உண்டா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு வரும் தொகை பிரிவின் ஓட்டச் செலவுக்குத் திரும்புமா, இடம் எங்கே, கட்டுமானத்தைப் பொதுப்பணித்துறை பார்க்குமா, நாம் பார்க்கலாமா? எல்லாவற்றையும் கடிதமாகக் கேளுங்கள், கடிதமாகவே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்ட அதிகாரி நல்லவராகவே இருப்பார். அடுத்த மாதம் மாறுதலாகிப் போய்விடுவார். நாங்கள் இதற்கே பல மாதம் அலைந்தோம். ஊரில் சிலர் சலித்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வசூலுக்குப் போனபோதுதான் அதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது. “டாக்டர் வருவாரா தம்பி?” என்றுதான் எல்லா வீட்டிலும் முதலில் கேட்டார்கள்.

இந்த இடத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்த 1935இல், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கோரினார். இந்த நோய்க்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கம் நிதி திரட்டியது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. கோரிக்கைக்கும் திறப்புக்கும் நடுவே 19 வருஷம்! இன்று அங்கே 500க்கு மேல் படுக்கைகள் இருக்கின்றன.

அந்த 12 படுக்கைகளுக்கு ஆள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி இருந்தார். அடுத்த வருஷமே மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார், அந்த வளாகத்திலேயே குடியிருந்து 2021இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார். மக்கள் கொடுத்த காசு அங்கே கட்டடமாக மட்டும் நின்றுவிடாததற்குக் காரணம் இவர்கள்தான். சாந்தாவைப் போன்ற ஒருவர் நம் ஊருக்குக் கிடைப்பார் என்று எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது. அதனால்தான் அரசாணையும் பணியிடமும் நமக்குத் தேவைப்படுகின்றன.

இலங்கையில் நடந்தது வேறு மாதிரி. யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை நடந்தார்கள். சுமார் 670 கிலோமீட்டர், 27 நாள். வழிநெடுக ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த நேரத்தில், தெற்கில் இருந்த சிங்கள மக்கள் வடக்கில் உள்ள ஒரு மருத்துவமனைக்காகக் காசு போட்டார்கள். 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2016இல் அதே பாதையில் திருப்பி நடந்தார்கள், வடக்கிலிருந்து தெற்காக, காலிக்குப் பக்கத்தில் கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். நம் வேலைக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. மக்கள் காசைப் போடுவதோடு நின்றுவிட விரும்புவதில்லை. கூட வந்து ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். செய்ய ஒரு வேலை கொடுத்தால் அடுத்தவரையும் அவர்களே அழைத்து வருவார்கள். எங்கள் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள் தெருவாரியாகப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் எப்போது போனால் ஆள் இருக்கும், எந்த வீட்டில் இப்போது கேட்கவே கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்களைப் போன்றவர்கள் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் பாதிகூடச் சேர்ந்திருக்காது.

சரி, பணத்தை எப்படிக் கையாள்வது. தனி நபர் பெயரில் உள்ள கணக்கிலோ ஜிபே எண்ணிலோ ஒரு பைசாகூட வாங்காதீர்கள், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும். அரசு மருத்துவமனை என்றால் நோயாளர் நலச் சங்கம் இருக்கும். அதன் வழியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு பெற்ற அறக்கட்டளை வேண்டும். அதற்கு 80ஜி அங்கீகாரம் இருந்தால் கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது. ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. அரிசி ஆலைக்காரர் பையோடு வந்தாலும் வங்கிக்கே அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. நம் ஊரில் பிறந்தவர்தானே என்று வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில் இதைப் பார்ப்பதற்கென்றே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை உட்கார வைத்திருந்தோம்.

கம்பெனிகளிடம் கேட்பதானால், ஓரளவுக்கு மேல் லாபம் உள்ள கம்பெனிகள் கடைசி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் அறக்கட்டளை அதற்கெனத் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் முதலில் போகாதீர்கள். மக்கள் பணம் கொஞ்சம் சேர்ந்த பிறகு, இவ்வளவு ஊர் கொடுத்திருக்கிறது, நீங்கள் எவ்வளவு என்று கேளுங்கள். 1920களில் வேலூர் உள்ளிட்ட ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதியம் 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது, மற்றவர்கள் 20 லட்சம் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அந்த நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சின்னக் கைகள் கொடுத்தால்தான் பெரிய கையும் திறக்கும் என்பதுதான் அந்த நிபந்தனை. நம் மாநிலத்தின் நமக்கு நாமே திட்டமும் இதே வழியில்தான் போகிறது: மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் வேலை அதில் சேருமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். சேர்ந்தால் பெரிய பாரம் இறங்கிவிடும்.

பெயர்ப் பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா ஊரிலும் சண்டை அங்கேதான் வரும். முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துத் தீர்மானமாக எழுதிவிடுங்கள். நாங்கள் ஒரே பலகை, பெயர்கள் அகர வரிசையில், தொகை போடுவதில்லை என்று வைத்தோம். பெரிய தொகை கொடுக்க இருந்த ஒருவர் இதனால் விலகினார். போகட்டும் என்று விட்டோம். சந்தையில் கீரை விற்கும் ஆச்சியின் பெயரும் ஜவுளிக்கடைக்காரர் பெயரும் ஒரே எழுத்தளவில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுத்தவர்கள் நிறையப் பேர். வரவு செலவை மாதம் ஒரு முறை மருத்துவமனை வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டோம். யாரும் கேட்பதற்கு முன்னால் போட வேண்டும். ஒருவர் கேட்டு அதற்கு அப்புறம் காட்டினால், எவ்வளவு சரியான கணக்காக இருந்தாலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒப்படைப்பு. ஒவ்வொரு பொருளும் மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் ஏறி, கையெழுத்தாகி, அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். பதிவேட்டில் இல்லாத மெஷினுக்கு அரசுப் பணத்தில் பழுது பார்ப்பது பெரும் பாடு. மெஷின் வாங்கும்போதே வாரன்டி முடிந்த பிறகான பராமரிப்பு ஒப்பந்தத்தின் விலையையும் பேசி, முடிந்தால் சில வருஷத்துக்கான தொகையையும் சேர்த்தே வசூல் இலக்கில் வைத்துவிடுங்கள். ஆர்.ஓ. பிளான்டுக்கு இது இன்னும் அவசியம். உங்கள் தாலுகாவில் தண்ணீர் எப்படி, இப்போது எத்தனை மெஷின் ஓடுகிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதினால், ஜே.டி. ஆபீசுக்கு நாங்கள் கொடுத்த கடிதத்தின் மாதிரியை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றி எழுதித் தருகிறேன்.