ஆக்சிஜனின் 16 எப்படி 16 கிராம் ஆனது?

அன்புள்ள ஐயா,

ஆக்சிஜனின் அணு நிறை 16. ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்களின் நிறை 16 கிராம். ஓர் அணுவுக்கும் கோடானுகோடி அணுக்களுக்கும் எப்படி ஒரே எண் வருகிறது? வகுப்பில் கேட்டால் மனப்பாடம் செய்துகொள் என்கிறார்கள். இது இயற்கையின் விதியா?

ஒரு பள்ளி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நல்ல கேள்வி. இது இயற்கையின் விதி இல்லை. இரண்டு எண்ணும் ஒன்றாக வரட்டும் என்றுதான் மோலை அப்படி வகுத்தார்கள்.

அணு நிறை என்பது ஓர் ஒப்பீடு. கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அலகு. ஆக்சிஜன் அணு அதைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. இரண்டு அணுக்களையும் சம எண்ணிக்கையில் எடுத்துக்கொள். நூறானாலும் கோடியானாலும் நிறைகளின் விகிதம் 12-க்கு 16 தான். கார்பன் 12 கிராம் சேரும்வரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போ. அதே எண்ணிக்கை ஆக்சிஜன் அணுக்கள் தாமாகவே 16 கிராம் இருக்கும். அந்த எண்ணிக்கைதான் அவகாட்ரோ எண். அத்தனை அணுக்கள் சேர்ந்ததுதான் ஒரு மோல்.

கணக்காகவும் போட்டுப் பார். ஓர் அணு நிறை அலகு 1.6605 × 10⁻²⁴ கிராம். ஒரு கிராமை இதனால் வகுத்தால் 6.022 × 10²³ வரும். ஒரு கிராமுக்குள் எத்தனை அணு நிறை அலகுகள் அடங்கும் என்பதற்கான விடை அது, அவ்வளவுதான். இதை ஒருமுறை கையால் வகுத்துப் பார்த்தவர்களுக்குப் பிறகு மோல் கணக்கில் பயம் இருக்காது என்பது என் நம்பிக்கை.

(2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று அந்த எண்ணையே நிலைநிறுத்திவிட்டார்கள். அதனால் கார்பனின் 12 கிராம் இப்போது அளந்து அறியும் மதிப்பு. வித்தியாசம் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. உன் கணக்கை அது தொடாது.)

குளோரினிடம் மட்டும் கொஞ்சம் நின்று யோசி. அட்டவணையில் 35.45 என்றிருக்கும். அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. நான்கில் மூன்று பங்கு அணுக்கள் சுமார் 35, மீதி சுமார் 37. 35.45 என்பது அவற்றின் சராசரி. ஒரு மோலில் இருவகையும் கலந்தே இருப்பதால் தராசு 35.45 கிராம் காட்டும்.

தேர்வில் பலர் சறுக்கும் இடம் வேறு. 'ஒரு மோல் ஆக்சிஜன்' என்று கேள்வி வந்தால், அணுவா மூலக்கூறா என்று முதலில் பார். அணு என்றால் 16 கிராம், இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு என்றால் 32.