ஐந்து அத்தியாயம், ஒரே அட்டை

வணக்கம் ஐயா,

நான் நீர்வளப் பொறியாளன். வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றில் பொருளியலாளர், சூழலியலாளர், சமூகவியலாளர் எல்லோரோடும் வேலை செய்கிறேன். அவ்வப்போது கூடுகிறோம், தலையாட்டுகிறோம். கடைசியில் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதித் தருகிறோம். சேர்த்து அட்டை போட்டுவிடுகிறார்கள். ‘பல துறைகளும் கைகோத்தால்தான் தீர்வு’ என்பது வெறும் மேடைப் பேச்சா? இல்லை, நான்தான் இன்னொரு பட்டம் படிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மேடைப் பேச்சு இல்லை. ஆனால் உங்கள் கூட்டத்தில் நடப்பது கைகோத்தலும் இல்லை. அங்கே பதிலைத்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். கேள்வியை யாரோ ஒருவர் முன்பே எழுதி முடித்துவிட்டார். பல திட்டங்கள் கோணலாவது அந்த இடத்தில்தான்.

வங்கதேசத்தைப் பாருங்கள். குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தன. 1970-களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க்கிணறு இறக்கினார்கள். கிருமியில்லாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு அது நல்ல பதில். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. ஆர்சனிக்குக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. பல வருடம் குடித்த பிறகுதான் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போகும். புற்றுநோய் அதற்கும் பின்னால். பக்கத்து மேற்கு வங்கத்தில் 1980-களிலேயே தோல் மருத்துவர்கள் இதைக் கண்டுவிட்டார்கள். வங்கதேசத்துக் கிணறுகளில் உறுதியானது 1993-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நச்சேற்றம் என்று இதைச் சொன்னது.

காரணம் தொழிற்சாலைக் கழிவு இல்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக்கை, ஆக்சிஜன் இல்லாத அடுக்குகளில் வாழும் நுண்ணுயிர்கள் விடுவிக்கின்றன. நிலவியலாளரும் நுண்ணுயிரியலாளரும் சேர்ந்துதான் இதை விளக்க முடிந்தது. அப்புறம் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். ஒன்று சிவப்பு, கூப்பிடு தூரத்தில் இன்னொன்று பச்சை. வேதியியலாளரின் வேலை முடிந்தது, சிக்கல் முடியவில்லை. பச்சைக் கிணறு அடுத்த வீட்டு முற்றத்தில் இருக்கிறது. குடத்தோடு எவ்வளவு தூரம் நடப்பது? அந்த வீட்டாரோடு பேச்சுவார்த்தை உண்டா? தினமும் போய் நின்றால் முகம் சுளிக்க மாட்டார்களா? சோதனைச்சாலையில் இதற்கு விடை இல்லை.

ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெபர் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1973-இல் இப்படிப்பட்டவற்றைப் ‘பொல்லாத சிக்கல்கள்’ (wicked problems) என்று அழைத்து, பத்து இயல்புகளைப் பட்டியலிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது முதலாவதுதான்: சிக்கலை முழுமையாக வரையறுப்பதும் தீர்வைத் தேடுவதும் தனித்தனி வேலைகள் அல்ல. அப்படியென்றால் சமூகவியலாளரைக் கடைசி மாதத்தில், ‘மக்களுக்கு எடுத்துச் சொல்ல’ மட்டும் கூப்பிடுவதில் பொருளே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலாப் பரவலில் இது நடந்தது. இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும்போது நோய் தொற்றியது. கவச உடையில் வந்தவர்கள் உடலைத் தூக்கிப் போனார்கள். குடும்பங்கள் உடலை ஒளிக்கத் தொடங்கின. மானிடவியலாளர்களையும் மதத் தலைவர்களையும் கேட்ட பிறகு, 2014 நவம்பரில், குடும்பத்தார் கலந்துகொண்டு பிரார்த்தனை செய்ய இடம் தரும் அடக்க நெறிமுறை வந்தது. மாறியது பிரச்சார வாசகம் இல்லை, வேலை செய்யும் முறையே.

எல்லாவற்றுக்கும் எல்லோரும் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாலத்தின் பாரத்தைக் கணக்கிட மானிடவியலாளர் எதற்கு? பாலம் எங்கே வர வேண்டும் என்பதற்குத்தான் அவர் தேவைப்படலாம்.

பட்டம் வேண்டாம். உங்கள் துறையில் ஆழமாக இருங்கள். அடுத்தவர் எதைச் சான்றாக ஏற்கிறார், எதை ஏற்பதில்லை என்று தெரிந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் பொருளியலாளரிடம் ஒன்று கேளுங்கள்: வெள்ளச் சேதத்தைக் கணக்கிட என் எண்களில் எதை எடுத்தீர்கள், வீடிழந்தவர் எங்கே போவார் என்று வைத்துக்கொண்டீர்கள்? அவர் பதில் சொல்லும்போது சமூகவியலாளரும் அந்த அறையில் இருக்கட்டும். சண்டை வரும், வரட்டும்.